பழைய கார் ஏசி: கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெயில் ஏறும்போது ஏசி குளிரவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வரும் பதில், "கேஸ் கம்மியா இருக்கும் சார், ஃபில் பண்ணிடலாம்." ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அது மூடிய சுற்றுக்குள்ளேயே சுழல்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் போன கோடையில் ஏற்றிய கேஸ் இந்தக் கோடைக்கு இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே மேலே ஏற்றுவது காசுக்கும் நஷ்டம், கம்ப்ரசருக்கும் நஷ்டம். கம்ப்ரசருக்குத் தேவையான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் ஆயிலும் திரும்பி வராது.

இங்கே சொல்வது முக்கியமாக 2000 முதல் 2010 வரை விற்ற ஆல்டோ, வேகன்ஆர், ஜென், சான்ட்ரோ, இண்டிகா போன்ற கார்களுக்கு. ஆர்-134ஏ கேஸ், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், அதைப் புல்லியோடு இணைத்துப் பிரிக்க முன்னால் மின்காந்த கிளட்ச், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு ஆகியவை இவற்றில் பொது. அதற்கும் முந்தைய ஆர்-12 வண்டிகளைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

தேவையான சாமான் அதிகமில்லை. மல்டிமீட்டர், கேஸ் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு கேஜ், குச்சி வடிவ தெர்மாமீட்டர், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். திரவமாக வெளிவரும் கேஸ் கண்ணில் பட்டால் உறைய வைத்துவிடும்.

முதலில் ஒரு அளவு எடுங்கள்

இன்ஜின் ஆறிய நிலையில், ஓடாமல் இருக்கும்போது கேஜை மாட்டினால் லோ (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்), ஹை (கம்ப்ரசரிலிருந்து போகும் பக்கம்) இரண்டும் ஒரே அழுத்தம் காட்டும். ஆர்-134ஏ என்றால் 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உள்ளே ஒரு சொட்டு திரவ கேஸ் மீதி இருந்தாலும் ஊசி இதே எண்ணைத்தான் காட்டும். 450 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 200 இருந்தாலும் அப்படித்தான். ஆகவே நிற்கும் அழுத்தத்தைப் பார்த்து "கேஸ் ஃபுல்" என்று சொல்ல முடியாது. 50, 40 என்று காட்டினால் மட்டும் கேஸ் பெரும்பாலும் போய்விட்டது என்று தீர்மானிக்கலாம்.

அடுத்தது ஓடும் அழுத்தம். நிழலில் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, ஏசியை முழுக் குளிரிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வைத்து, ரீசர்க்குலேஷன் போட்டு, இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் லோ பக்கம் 25–40 பிஎஸ்ஐ, ஹை பக்கம் 200–275 பிஎஸ்ஐ என்றால் சுற்று ஆரோக்கியமாக இருக்கிறது. பிறகு ஜன்னலை ஏற்றி, நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பத்து நிமிடத்தில் 8–12 டிகிரிக்கு இறங்கினால் பழைய சின்னக் காருக்கு அதுவே நல்ல குளிர். அழுத்தம் சரியாக இருந்தும் வென்ட்டில் 18, 20 என்று நின்றால் கேஸைத் தொடாதீர்கள். கோளாறு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.

கிளட்ச் பிடிக்கவே இல்லை

ஏசி பட்டனை அழுத்தினால் கம்ப்ரசர் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும், முன் தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். சத்தம் இல்லையென்றால் கம்ப்ரசருக்குப் போகும் ஒயரில், இன்ஜின் ஓடி ஏசி போட்ட நிலையில், 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி வோல்ட் அளவைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது.

வோல்ட் வந்தும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு கிளட்சில். இன்ஜினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, கிளட்ச் காயிலின் ஓம் அளவு பாருங்கள். 3 முதல் 4 ஓம் வர வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காயில் நன்றாக இருந்தால், இன்ஜின் அணைந்தபடியே பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்ட ஒயரில் 12 வோல்ட் நேராகக் கொடுங்கள். தட்டு தானாக ஒட்டாமல், விரலால் அமுக்கினால் மட்டும் ஒட்டிக்கொள்கிறதென்றால் இடைவெளி கூடிவிட்டது. பழைய வண்டியில் இது சர்வ சாதாரணம். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றி உள்ளிருக்கும் மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை எடுத்தால் வேலை முடிந்தது, கேஸைத் திறக்கவே வேண்டாம். காலையில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கைவிடுகிற ஏசிக்குப் பின்னால் பல சமயம் இந்த இடைவெளிதான் இருக்கும். காயில் சூடானால் அதன் தடை கூடுகிறது, காந்த பலம் குறைகிறது, தூரத்துத் தட்டை இழுக்க முடிவதில்லை. இதற்காகக் கம்ப்ரசரையே மாற்றிய வண்டிகள் உண்டு.

வோல்ட் வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், தெர்மிஸ்டர் என்ற வரிசையில் போங்கள். ரிலேயைச் சோதிக்க, அதே எண், அதே பின் அமைப்பு உள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது சுலபம். பிரஷர் சுவிட்ச், கேஸ் மிகக் குறைந்தாலும் அழுத்தம் மிகக் கூடினாலும் கம்ப்ரசரை நிறுத்தும். கேஸ் இருப்பதைக் கேஜில் உறுதி செய்துகொண்ட பிறகே, இரண்டு பின் சுவிட்ச் என்றால் மட்டும், ஒயரால் ஒரு சில நொடி இணைத்துப் பார்க்கலாம். காலிச் சுற்றில் இப்படிச் செய்தால் ஆயில் இல்லாமல் கம்ப்ரசர் தேயும். மூன்று நான்கு பின் இருந்தால் ஒயரிங் படம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கூலிங் காயிலில் செருகியிருக்கும், அதன் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர், குளிரக் குளிர ஓம் கூட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கியும் கையில் பிடித்துச் சூடாக்கியும் மீட்டரில் பார்த்தால் எண் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

ஓடும்போது குளிர், சிக்னலில் அனல் காற்று

இந்தப் புகாரோடு வரும் வண்டிகளுக்குக் கேஸ் ஏற்றுவதுதான் மிகப் பெரிய தப்பு. நகரும்போது, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரை எதிர்க்காற்று ஆற்றிவிடுகிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும், செய்யவில்லை. ஹை பக்கம் 300, 350 என்று ஏறிக்கொண்டே போய், 450 பிஎஸ்ஐ வாக்கில் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். இந்த நிலையில் இன்னும் 100 கிராம் கேஸைத் திணித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு குடம் தண்ணீர் போதும் இதைக் கண்டுபிடிக்க. வண்டி நின்றபடி ஓட, கேஜ் மாட்டிய நிலையில், முன் கிரில் வழியாகக் கன்டென்சர் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஹை அழுத்தம் சடசடவென்று இறங்கி வென்ட்டில் குளிர் வந்தால் கேஸும் கம்ப்ரசரும் நன்றாகவே இருக்கின்றன. கன்டென்சருக்குக் காற்றுதான் போதவில்லை.

ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா? ஓடாவிட்டால் மோட்டாருக்கு 12 வோல்ட் நேராகக் கொடுங்கள். அப்போதும் ஓடாமல், ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஓடுகிற ஃபேனையும் நம்பிவிடாதீர்கள். ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கிரில் அருகே பிடியுங்கள், அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ரேடியேட்டர் வேலை பார்த்த பிறகு ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். நிற்கும்போது ஏசியும் இருக்காது, இன்ஜினும் சூடாகும்.

ஃபேனும் சரி என்றால், கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நடுவில் தூசி, பூச்சி, வைக்கோல் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேல் கிளாம்பைக் கழற்றி ரேடியேட்டரை இரண்டு விரல் தள்ளி, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய ஃபின்கள் படுத்துவிடும்.

கேஜ் சொல்வது

இரண்டு பக்கமும் குறைவு, லோ 15, ஹை 120 என்றால் கேஸ் குறைவு. லீக்கைத் தேடுங்கள். லோ பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே வாக்குவத்துக்கே போய், ஹையும் குறைவாக இருந்தால் அடைப்பு. கேஸிலிருக்கும் ஈரத்தைப் பிடிக்கும் டிரையரைத் தொடுங்கள். உள்ளே வரும் குழாய் சூடாகவும் வெளியே போகும் குழாய் ஜில்லென்று வியர்த்தும் இருந்தால் அடைப்பு டிரையரிலேயே. இரண்டும் ஒரே சூடு என்றால் எக்ஸ்பேன்ஷன் வால்வைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு பக்கமும் கூடுதல் என்றால் கன்டென்சருக்குக் காற்று இல்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது வாக்குவம் போடாமல் (பம்பால் உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்காமல்) ஏற்றியதால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. காற்று கலந்த சுற்றில் நிற்கும் அழுத்தமே மேலே சொன்ன 97, 114 கணக்கைத் தாண்டி நிற்கும், நல்ல அடையாளம் அது. கம்ப்ரசர் வரை வரும் லோ குழாய் முழுக்க வியர்த்து ஒழுக, லோ 60-க்கு மேல் இருந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டது.

லோ கூடுதல், ஹை குறைவு, உதாரணமாக 70-க்கு 140. இன்ஜினை முடுக்கினாலும் இரண்டும் விலகவில்லை என்றால் கம்ப்ரசருக்குள் வால்வு தட்டோ பிஸ்டனோ தேய்ந்துவிட்டது. கேஜை வைத்துக் கம்ப்ரசரைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

இருபது நிமிடம் குளிர்ந்து, பிறகு போய்விடுகிறது

போகும்போது காற்றின் அளவு குறைகிறதா, குளிர் மட்டும் குறைகிறதா? விடை இதில்தான் இருக்கிறது.

ப்ளோயர் முழு வேகத்தில் இரைந்தும் வென்ட்டில் காற்று மெலிந்துகொண்டே போனால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் உருகிச் சரியாகும், காலடியில் தண்ணீர் நிறைய ஒழுகும். தெர்மிஸ்டர் தன் இடத்திலிருந்து நழுவியிருக்கும், கெட்டிருக்கும், அல்லது கேபின் ஃபில்டரும் காயில் முகமும் அழுக்கால் அடைந்திருக்கும். அந்தக் காலத்து மலிவு மாடல்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. இலைத் தூளும் முடியும் நேராகக் காயிலில்தான் போய்ப் படியும்.

காற்று அப்படியே வந்து குளிர் மட்டும் போய், அந்த நேரம் லோ பக்கம் வாக்குவத்துக்கு இறங்கினால், சுற்றுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் உறைந்து அடைக்கிறது, அணைத்தால் உருகி வழிவிடுகிறது. கேஸை மீட்டு எடுத்து, டிரையரை மாற்றி, நீண்ட வாக்குவம் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. குளிர் போகும்போது கம்ப்ரசரே நின்றிருந்தால், முன்னே சொன்ன கிளட்ச் இடைவெளிக்குத் திரும்புங்கள்.

லீக் எங்கே

கேஸ் போகும் இடத்தில் ஆயிலும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். கண்ணுக்கு எட்டிய ஜாயின்ட்களை முதலில் இதற்காகப் பாருங்கள். கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வின் மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். சைக்கிள் வால்வு போன்ற அந்தச் சின்னக் கோர் லீக்கானால் மொத்தக் கேஸும் மெல்லப் போய்விடும். மூடி இல்லாமல் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி. கன்டென்சரின் கீழ் விளிம்பும் கல்லடி பட்ட இடமும் அடுத்தது. கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் போயிருந்தால் கிளட்ச் சுற்றும் கோட்டில் பானெட்டின் அடியில் ஆயில் தெறித்திருக்கும்.

வெளியே எதுவும் இல்லையென்றால் கூலிங் காயில். இலையும் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அரித்த அலுமினியம் அது. வண்டியைச் சில மணி நேரம் மூடி வைத்துவிட்டு, எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரைத் தண்ணீர் வடியும் குழாய் வாயில் பிடித்தால் கத்தும். ஆர்-134ஏ காற்றைவிடக் கனம், கீழே வந்து தங்கும்.

காலிச் சுற்றைச் சோதிக்க உலர் நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் ஊசியைக் கவனியுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை மாட்டக் கூடாது. டயருக்கு அடிக்கும் காற்றை விட்டால் ஈரமும் சேர்ந்து போகும். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவது உயிரோடு விளையாட்டு, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கூலிங் காயிலில் ஓட்டை என்றால் லீக் அடைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது டிரையரையும் வால்வையும் சேர்த்து அடைக்கும், பின்னால் கேஸ் மீட்கும் இயந்திரத்தையும் கெடுக்கும்.

திறந்த பிறகு மூடுவது

குழாயைத் திறக்கும்போதும் இறுக்கும்போதும் இரண்டு ஸ்பேனர் போடுங்கள். ஒன்றால் திருப்பினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். பழைய ஓ ரிங் திரும்ப வேண்டாம். ஆர்-134ஏவுக்கு உரிய புதியதை, கம்ப்ரசர் ஆயில் தொட்டு மாட்டுங்கள். திறந்த ஒவ்வொரு முறையும் டிரையர் புதிது. மலிவு பார்த்து இதை விடுபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மாருதிகளில் வரும் டென்சோ வகைக் கம்ப்ரசர்களுக்குப் பொதுவாக பிஏஜி-46 என்ற செயற்கை ஆயில். வேறு தயாரிப்புகளில் 100 எண்ணும் வரும், ஆகவே கம்ப்ரசர் மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். கூலிங் காயில் மாற்றினால் 25–30 மில்லி, கன்டென்சருக்கு 20–30, டிரையருக்கு 10–20 என்று சேர்க்கலாம். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று ஊற்றிய ஆயில் காயிலுக்குள் படிந்து குளிரைக் குறைக்கும். பிஏஜி ஈரத்தை உறிஞ்சும், டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்.

வாக்குவம் குறைந்தது 30 நிமிடம், ஈரம் புகுந்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கடலோர ஊரில் ஊசி, பாதரசக் கணக்கில், 29 அங்குலத்தைத் தொட வேண்டும். ஊட்டியில் 22, 23-க்கு மேல் போகாது, பம்ப் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்பை நிறுத்தி 15 நிமிடம் ஊசி அசையாமல் நிற்க வேண்டும்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானெட் அடியில் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 550-க்குள். இவ்வளவு சின்னச் சுற்றில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். டின்னைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போதே வாக்குவம் பாதியளவை இழுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினை ஓட்டி, லோ பக்கம் வழியாக, டின்னை நிமிர்த்திப் பிடித்து ஆவியாக விடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஹை வால்வைத் திறந்தால் அழுத்தம் டின்னுக்குள் போய் அது வெடிக்கும். டிரையர் மேல் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலில் குமிழி பார்த்து நிறுத்துவது ஆர்-12 காலத்துப் பழக்கம். காலியான சுற்றிலும் கண்ணாடி தெளிவாகத்தான் தெரியும்.

சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் டின்களில் எல்பிஜி கலந்தவையும் உண்டு. ஜில்லென்று குளிரும், மறுப்பதற்கில்லை. காயில் லீக்கானால் அந்த கேஸ் தேங்குவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

கம்ப்ரசர் உடைந்து கறுப்புத் தூள்

ஜாம் ஆன கம்ப்ரசரின் குழாயைக் கழற்றினால் கரிய ஆயிலோடு மினுங்கும் உலோகத் தூள் வரும். புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டினால் அந்தத் தூள் அதையும் தின்றுவிடும். ஹோஸையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்து நைட்ரஜனால் ஊதலாம். டிரையரும் எக்ஸ்பேன்ஷன் வால்வும் புதிது. கேஸ் பல மெல்லிய வழிகளில் ஒரே நேரம் ஓடும் பேரலல் ஃப்ளோ கன்டென்சரின் நூலளவு துளைகளைக் கழுவ முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

சில்லறைத் தொல்லைகள்

ஏசி அணைந்திருக்கும்போதே கரகரவென்றால் புல்லி பேரிங். அதை மட்டும் மாற்றலாம். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. முன் இருக்கைக் காலடியில் தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைப்பு, கீழிருந்து மெல்லிய கம்பி விடுங்கள். அந்தத் தண்ணீர் வழவழப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஏசி அல்ல, ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் குளிர் குறைந்தால் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை கிளாம்பால் நெரித்துப் பாருங்கள். உடனே குளிர்ந்தால் ஹீட்டர் வால்வோ உள்ளிருக்கும் ஃபிளாப்போ முழுதாக மூடவில்லை.

ஆர்-12 வண்டிகள்

அம்பாசடர், கான்டெஸா, ஆரம்பகால மாருதிகளில் திருகாணி மறையோடு கூடிய சர்வீஸ் வாய் இருந்தால் அது ஆர்-12. ஆர்-134ஏவுக்கு விரைவு கப்ளர், அளவே வேறு. பழைய மினரல் ஆயிலும் புது கேஸும் கலக்காது, ஆயில் மூலையில் தேங்கிவிடும். மாற்ற வேண்டுமென்றால் பழைய ஆயிலை வடித்து, எஸ்டர் ஆயில் ஊற்றி, ஓ ரிங், டிரையர் எல்லாம் புதிதாக்கி, ஆர்-12 எடையில் 80–90 சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். பழைய ஹோஸ்கள் சிறிய மூலக்கூறான ஆர்-134ஏவை வேகமாகக் கசியவிடும், அதையும் மாற்றினால் நல்லது. ஹை அழுத்தமும் முன்னைவிடக் கூடும். ஆகவே கன்டென்சர் முன் கூடுதலாக ஒரு ஃபேன் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.